‘ஆமாம்’ என்று சொல்லும்வரை

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு அந்தப் பெயரைப் படித்தேன். நேரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கள் ஆலோசனை அறையின் கடிகாரம் வருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால், ஆலோசகரின் கண்ணுக்கு நேராக மாட்டப்பட்டிருக்கும். இருபத்தெட்டு ஆண்டுகள் அதற்கு எதிரே உட்கார்ந்த பழக்கத்தில், எது நடந்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அன்றும் திரும்பிப் பார்த்தேன்.

நான் ஓய்வு பெற்று ஏழு வாரம் ஆகியிருந்தது. ஆரணிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் குடும்ப ஆலோசனை மையம். என் இடத்துக்கு வந்திருக்கும் கவிதா வேலூரில் படித்தவர், கெட்டிக்காரர். பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருப்பதாகவும் நான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கூப்பிட்டிருந்தார். டீ வந்தது. பதிவேட்டைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

“இதான் சார். ‘எவ்வளவு நாளாக’ன்னு ஒரு கட்டம். முதல் நாளே கேட்டுடறேன். சரியா வருமா பாருங்க.”

நான் அந்தப் புதுக் கட்டத்தைத்தான் பார்த்தேன். ‘இரண்டு வருடம்’ என்று இருந்தது. அதற்கு இடப்பக்கம் காரணம்: ‘பேச்சில்லை’. அதற்கும் இடப்பக்கம் மனு கொடுத்தவர்: பிரேம்குமார், செய்யார். உடன் வருபவர்: மனைவி எஸ்தர். அடுத்த அமர்வு: வரும் செவ்வாய், பதினொன்றரை.

எஸ்தர் என் மகள். ஒரே மகள். பிரேம்குமார் என் மருமகன். செய்யார் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். கல்யாணமாகி ஐந்து வருடம். இரண்டு நாள் முன்புதான், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இருவரும் எங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர் மீனில் முள் எடுத்து அவள் தட்டில் வைத்ததை நான் பார்த்தேன். பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அந்த நேரத்தில் நான் செய்தது ஒன்று மட்டும் சரி. பதிவேட்டை மூடி, கவிதாவிடம் திருப்பிக் கொடுத்தேன்.

“இந்தப் பக்கத்துல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்கம்மா. நான் பார்த்திருக்கக் கூடாது. நீயும் காட்டியிருக்கக் கூடாது.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “சாரி சார். நீங்கதானேன்னு… யாரு சார்?”

“அதையும் சொல்லக் கூடாதும்மா.”

டீயைக் குடிக்காமல் படி இறங்கினேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கியது அதுதான் முதல் தடவை.

இந்தக் கட்டுரையைப் பிறகு எழுதச் சொன்னதும் கவிதாதான். புதிதாக வருகிறவர்கள் படிக்க வேண்டும் என்றார். என் மகளும் மருமகனும் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சம்மதித்த பிறகே இதைக் கொடுக்கிறேன். கீழே வரும் பழைய தம்பதியின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

படி இறங்கியவன் நேராகப் பேருந்து நிலையத்துக்குப் போய், செய்யார் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். மகள் வீட்டுக்குப் போக வேண்டும், கேட்க வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது. மனு கொடுத்தவர் கணவர் என்றால் என் பெண் என்ன செய்தாள்? இரண்டு வருடம் ஒரு வீட்டில் பேச்சில்லாமல் எப்படி இருந்தார்கள்? பேச வைப்பதுதானே என் தொழில்? ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்தது வந்துகொண்டிருந்தது. வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் இருந்தது. ஜன்னல் வழியாக வந்தவாசி வண்டிகள் நிற்கும் இடம் தெரிந்தது. அங்கே ஒரு தூண் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முன்னால், அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நின்று நான் ஒரு குடும்பத்தைப் பிரித்தேன்.

அதைச் சொல்ல சுசீலா மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்குக் கிடைத்த பயிற்சி ஆறு மாதம். அதில் படித்த எதுவும் எனக்கு நினைவில்லை. மையத்தின் பொறுப்பாளர் சுசீலா மேடம் முதல் வாரத்தில் காட்டியது மட்டும் அப்படியே இருக்கிறது. குரல் உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அறையில் மேசை கிடையாது, மூன்று நாற்காலிகள்தான். கணவன் மனைவி நாற்காலிகள் எதிரெதிராகவும் இருக்காது, பக்கத்துப் பக்கத்திலும் இருக்காது; ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டுமென்றால் கொஞ்சம் கழுத்தைத் திருப்ப வேண்டும். “திருப்பறதா வேணாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும்” என்பார். முதலில் தண்ணீர். பிறகு தனித்தனியாக ஒரு அமர்வு. அதில் அடி உதை என்று தெரிந்தால் சேர்ந்து உட்கார வைக்கவே கூடாது. அதற்கு வேறு வழி, வேறு இடம்.

சேர்ந்த அமர்வில் ஒருவர் ஏழு நிமிடம் பேசுவார். மற்றவர் குறுக்கே வரக் கூடாது. முடிந்ததும் அவர் பதில் சொல்லக் கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். எங்கள் வேலையின் பாதி இதுதான்.

கேட்க எளிதாக இருக்கும். நான் உட்கார்ந்த முதல் அமர்வில் ஒரு நெசவாளியின் மனைவி, “நான் சாப்பிட்டேனான்னு இவரு ஒரு நாளும் கேட்டதில்ல” என்றார்.

“சொல்லுங்கண்ணே” என்றேன்.

“நான் வேளைக்கு அரிசி வாங்கிப் போடலன்னு சொல்றா.”

“அப்படிச் சொல்லல. திரும்பச் சொல்லுங்க.”

“அவ சமையலை நான் குறை சொல்றேன்றா.”

“இன்னொரு வாட்டி.”

“இன்னா சார் இது, ஒரே டயலாக்கை எத்தினி வாட்டி சொல்றது, நாடகமா?”

“நாடகத்துலயாச்சும் ஒழுங்கா சொல்லுய்யா” என்றார் அந்த அம்மாள்.

ஆறாவது தடவை அவர் சரியாகச் சொன்னார். சொல்லிவிட்டு வாயை மூடாமல் அப்படியே இருந்தார். “நான் கேட்டதே இல்லியா?” என்று மனைவியிடம் கழுத்தைத் திருப்பினார். அவர்கள் அடுத்த அமர்வுக்கு வரவில்லை. தேவைப்படவில்லை.

மேடத்துக்கு ஒரு சொல் பிடிக்காது: ‘சரி’. ஒரு பெண் ‘சரிங்க’ என்றதும் நான் சமாதானம் என்று கோப்பில் எழுதிக்கொண்டு போனால், கண்ணாடியைக் கழற்றுவார். “சரிங்கன்னா பேச்சை முடிச்சுக்கலாம்னு அர்த்தம். ஆமாங்கன்னாதான் காதுல வாங்கினதா அர்த்தம். சரிங்கன்ற வார்த்தையில எத்தினி பொண்ணுங்க காலம் தள்ளிகினு இருக்குதுங்க தெரியுமா?” காரணக் கட்டத்தில் குடி, சந்தேகம், மாமியார் என்று எது இருந்தாலும் பதற மாட்டார். “பேச்சில்லைன்னு வந்தாதான்யா பேஜாரு” என்பார். “சண்டை போடறவங்க இன்னும் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுகினு இருக்காங்க.”

முருகன், செல்வி என்று அவர்களை வைத்துக்கொள்வோம். காரணக் கட்டத்தில் ‘பேச்சில்லை’. முருகன் பதினாறு வயதிலிருந்து பவர்லூம் ஷெட்டில் வேலை. செல்வி வீட்டில் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பார். கல்யாணமாகி நான்கு வருடம். செல்வி தனியாக வந்தபோது ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார். “நான் பேசினா பேசாம இருக்காரு சார். பாதி பேச்சுல எழுந்து போயிடறாரு. நான் மனுஷியா, சுவரா?” முருகன் தனியாக வந்தபோது, “அவளுக்கு என்னைப் புடிக்கல சார். மூஞ்சி குடுத்தே பேச மாட்டா” என்றார்.

சேர்ந்த அமர்வில் செல்வி தலையைக் குனிந்து, சேலைத் தலைப்பைப் பார்த்தபடி ஏழு நிமிடம் பேசினார். முருகனைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னவற்றில் ஒன்றுகூடச் செல்வி சொன்னதில்லை. அம்மா வீட்டுச் சீரைப் பற்றிச் செல்வி பேசியதாகச் சொன்னார். செல்வி அழுதார். முருகன் வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் நினைத்து, குரலைக் கொஞ்சம் கடினமாக்கினேன். மூன்றாவது அமர்வில் மேடம் வந்து ஓரமாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து முருகனுக்கு எதிரே வந்து, கையிலிருந்த கோப்பைத் தூக்கித் தன் வாயை மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில், “முருகன், உங்க ஷெட்ல எத்தினி தறி ஓடுது?” என்றார்.

முருகன் அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் இல்லை.

மேடம் கோப்பை இறக்கி, அதே குரலில், அதே கேள்வியைக் கேட்டார்.

“இருபது, மேடம்.”

அவருக்குக் காது பெரும்பாலும் போயிருந்தது. தறிச் சத்தத்தில் அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்கிறார்கள். அதனால் ஷெட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே பாதிதான் தெரியும். வீட்டில் செல்வி அடுப்பைப் பார்த்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி பேசுவார். நான்கு வருடம் முருகன் ஒரு முதுகோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார்.

செல்வி நாற்காலியை விட்டு எழுந்து அவர் முகத்துக்கு நேரே குனிந்து, “கேக்கலியாய்யா உனக்கு?” என்றார்.

“நீ பேசறதே இல்லன்னு நெனச்சேன்” என்றார் முருகன்.

போகும்போது முருகன் என்னிடம் மட்டும் ஒன்று கேட்டுக்கொண்டார். “வெளியில தெரிய வேணாம் சார். செவிடன்னு பேர் வெச்சா ஷெட்ல நிக்க முடியாது. அவ ஊட்டுக்கும் தெரிய வேணாம். நானே சொல்லிக்கிறேன்.” நான் ‘சரி’ என்றேன். கவனியுங்கள், நான் சொன்னது ‘சரி’.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. செல்வியின் அப்பாவைப் பேருந்து நிலையத்தில் அந்தத் தூணுக்குப் பக்கத்தில் பார்த்தேன். வந்தவாசி வண்டிக்குக் காத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த மனிதர்; நல்ல மனிதர். மகள் கவலையில் இளைத்திருந்தார். “எம்பொண்ணு வாழ்வாளா சார்?” என்று என் கையைப் பிடித்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பொறுக்கவில்லை. என் உள்ளே ஒரு பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன். “கவலைப்படாதீங்க. பெரிய விஷயம் ஒன்னுமே இல்ல. மாப்பிள்ளைக்குக் காது கொஞ்சம் கேக்காது, அவ்வளவுதான்” என்றேன். அவர் என் கையை விட்டார். அவர் ஆறுதல் அடைந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் மதியம் அவர் ஐந்தாறு உறவினர்களோடு ஷெட்டுக்குப் போய், தறிகளை நிறுத்தச் சொல்லி, எல்லோர் எதிரிலும், “செவிடனை மறைச்சுக் கட்டி வெச்சு எங்களை ஏமாத்திட்டீங்க” என்று கேட்டிருக்கிறார். முருகன் அவர் உதட்டைப் பார்த்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர்தான். வீட்டுக்கும் வரவில்லை, மையத்துக்கும் வரவில்லை. பிறகு நீதிமன்றத்துக்கு மட்டும் வந்து விவாகரத்துக்குக் கையெழுத்துப் போட்டார் என்று கேள்விப்பட்டேன்.

செல்வி ஒரு தடவை வந்தார். உட்காரவில்லை.

“பதினோரு நாளு சார்” என்றார். “அடுப்பை வுட்டு எதிர்ல போய் நின்னு பேசினேன். எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு. சிரிக்கக்கூடச் சிரிச்சாரு. யாரு சொன்னதுன்னு எங்கப்பாவைக் கேட்டேன். நீங்கன்னாரு. என் ஊட்டுக்காரரு உங்களை நம்பித்தானே சார் காதைக் காட்டினாரு?”

மேடம் அன்று என்னைத் திட்டவில்லை. கோப்பை என் முன்னால் வைத்துப் பேனாவைக் கொடுத்தார். முடிவு என்ற இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னார். நான் என் கையால் எழுதினேன்: ‘ஆலோசகரின் வாயால் பிரிந்தது.’ அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க. ரெண்டு பேரு வர்றாங்க” என்றார்.

“செய்யாரா சார்?” என்று நடத்துநர் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

எழுந்தேன். “இல்லப்பா. தப்பா ஏறிட்டேன்” என்று இறங்கிவிட்டேன். அன்று தூணுக்குப் பக்கத்தில் நின்ற அப்பா இப்போது நான்தான். என்னிடம் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானும் ஆள் சேர்த்துக்கொண்டு போயிருப்பேன். ஆள் வேண்டாம், நான் ஒருவனே போதும்.

வீட்டுக்குப் போய் என் மனைவி கிரேஸிடமும் சொல்லவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் கடினம். அவள் கேட்டாள்: “என்ன, முகம் இப்படிக் கிடக்குது? பிரஷர் மாத்திரை போட்டீங்களா?” போட்டேன் என்றேன். மூன்று வாரம் அப்படிப் போனது. செவ்வாய்க்கிழமைகளில் பதினொன்றரைக்கு நான் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்போது தண்ணீர் கொடுத்திருப்பார்கள். இப்போது ஏழு நிமிடம். என் மகள் தலையைக் குனிந்து பேசுகிறாளா, நிமிர்ந்து பேசுகிறாளா? ஒரு செவ்வாய் கிரேஸ் என் கையிலிருந்த செய்தித்தாளைத் திருப்பிக் கொடுத்தாள். தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேனாம்.

பழைய நாட்களைப் புரட்டிப் பார்த்தேன். முள் எடுத்து வைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை, இருவரும் ஒரு வார்த்தையாவது பேசிக்கொண்டார்களா? நினைவுக்கு வரவில்லை. அவள் கிரேஸிடம் பேசினாள், அவர் என்னிடம் பேசினார். அதற்கு முன்பு ஒரு தடவை எஸ்தர் தனியாக வந்திருந்தாள். “அவரு முன்ன மாதிரி இல்லப்பா” என்று தொடங்கினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, “அதாவது, அவர் மாறிட்டாருன்னு நீ சொல்றே, இல்லியாம்மா?” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். “என்கிட்ட ஆபீஸ் பேச்சு பேசாதீங்கப்பா. ஒன்னுமில்ல, வுடுங்க” என்று எழுந்து போனாள். நான் விட்டேன்.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அவர்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டர். இந்த வருடத் தொடக்கத்தில் போயிருந்தபோது பார்த்தேன், நான் ஓய்வு பெறும் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தார்கள். அப்பாமேல் எவ்வளவு அக்கறை என்று கிரேஸிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

எஸ்தர் வாரம் இரண்டு தடவை போன் செய்வாள். “எப்படிம்மா இருக்கே?” “நல்லா இருக்கேன்பா.” “மாப்பிள்ளை?” “நல்லா இருக்காரு.” அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நான் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். “சரிம்மா” என்று வைப்பேன். வைத்த பிறகுதான் உறைக்கும்.

நான்காவது செவ்வாய், மதியம் ஒன்றேகால். வாசலில் பைக் சத்தம் கேட்டது. எஸ்தரும் பிரேம்குமாரும் உள்ளே வந்தார்கள். சொல்லாமல் வந்ததில் கிரேஸ் திகைத்து, “என்ன மாப்ள, வேலை இல்லியா?” என்றாள்.

“ஷிப்ட் மாத்திக்கினேன் அத்தை.”

“சாதம் இருக்குது, குழம்பு இல்ல. முட்டை போடட்டுமா?”

“போடும்மா, ஆனா கொஞ்ச நேரம் கழிச்சு” என்ற எஸ்தர் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிரேம்குமார் அவளுக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்தார். அந்தக் கோணம் எனக்குத் தெரியும்.

“அப்பா, நாங்க உங்க மையத்துக்கு வந்துகினு இருக்கோம். கவிதா மேடம்கிட்ட. இதோட அஞ்சு வாட்டி ஆச்சு. இன்னும் போகணும்.”

“தெரியும்மா” என்றேன். “பதிவேட்டுல பேரைப் பார்த்துட்டேன். பார்த்தது தப்பு.”

“எப்போ?”

“மூணு வாரம் ஆச்சு.”

அவள் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் பார்த்ததில்லை. “மூணு வாரமா தெரியுமா? தெரிஞ்சும் போன்ல ஒரு வார்த்தை கேக்கலியா? நீங்களாப்பா?”

“எனக்கே சொல்லல இந்த மனுஷன்” என்ற கிரேஸ் கையில் முட்டையோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். “பிரஷர் மாத்திரை போட்டேன்றாரு.”

பிரேம்குமார் தொண்டையைச் செருமினார். “நான்தான் மாமா எழுதிக் குடுத்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. இவ மேல கம்ப்ளைண்ட் இல்ல. யாராவது ஒருத்தர் பேர் எழுதணுமில்ல.” பிறகு கழுத்தைத் திருப்பினார். “நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“நான் சொல்றேன்” என்றாள் அவள்.

அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதை நான் கேட்டேன். ஐந்து அமர்வு. அந்த இரண்டு வரிக்காக நான் கவிதாவுக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். அவர்களுக்குள் என்ன நடந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்கப் போவதில்லை.

“இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமேம்மா” என்றேன். “ரெண்டு வருஷம்…”

“எங்கப்பா போறது? எங்க போனாலும் சாரோட பொண்ணுன்னு தெரிஞ்சா உங்ககிட்டதான் அனுப்புவாங்க. சுசீலா மேடம் போனதுக்கப்புறம் மையத்துல இருந்தது நீங்க ஒருத்தர்தான். உங்க எதிர்ல அவரு என்னை எப்படிச் சொல்லுவாரு? நான் அவரை எப்படிச் சொல்லுவேன்? போயிட்டு வந்தா ஞாயித்துக்கிழமை உங்க மூஞ்சைப் பார்த்து எப்படிச் சாப்பிடறது?” அவள் கைகளைப் பிசைந்தாள். ஆனால் தலை நிமிர்ந்துதான் இருந்தது. “உங்க ரிடையர்மென்ட் தேதியைக் காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருந்தோம். அதுவரைக்கும் எப்படியாச்சும் தாக்குப் பிடிக்கலாம்னு.”

மணியைப் பார்த்தேன். என்ன மணி என்று மனதில் பதியவில்லை. இருபத்தெட்டு வருடம் செய்ததைத்தான் என் வாய் செய்தது.

“நீங்க ரெண்டு பேரும் அங்க வந்து பேசறதுக்கு” என்று தொடங்கினேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னேன். “நீங்க ரெண்டு பேரும் அங்க வந்து பேசறதுக்கு, நான் அந்த நாற்காலியை வுட்டு எழுந்து போவணும்னு ரெண்டு வருஷமா காத்துகினு இருந்தீங்க.”

ஆபீஸ் பேச்சு என்று அவள் சொல்லவில்லை. பிரேம்குமாரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ஆமாம்பா” என்றாள்.